தென்னந்தோப்புக்கு அட்வான்ஸ் வாங்கலாமா?
மருத்துவ சீட்: வாசகர் கேள்வி பதில்

(பதில் தருபவர் தனியார் மருத்துவக் கல்லூரிகளின் அலுவலகங்களில் 28 ஆண்டுகள் வேலை பார்த்து, மாணவர் பிரிவுக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர். இப்போது கோபிசெட்டிபாளையத்தில் வசிக்கிறார்.)

கேள்வி: அக்கா, வணக்கமுங்க. என் மகள் 2025 நீட்டில் 365 எடுத்திருக்கிறாள். நாங்கள் பி.சி. வகுப்பு. திருப்பூரில் ஒருத்தர், "மேனேஜ்மென்ட் சீட் வாங்கித் தர்றேன், மொத்தம் 85 லட்சம், இப்பவே 10 லட்சம் கொடுத்தா சீட்டைப் பிடிச்சு வெச்சிடலாம்" என்கிறார். ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்புக்குக் கிரயம் பேசி வைத்திருக்கிறோம். அட்வான்ஸ் வாங்கலாமுங்களா?
– ஒரு வாசகி, தாராபுரம்

பதில்: வாங்க வேண்டாம் அம்மணி. தோப்பை விற்பதா வேண்டாமா என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்த ஆளுக்குப் பத்து ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

சீட்டைப் பிடித்து வைப்பது என்று ஒன்று கிடையாது. தமிழ்நாட்டில் சுயநிதி மருத்துவக் கல்லூரிகளின் நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களையும் சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் தேர்வுக்குழுதான் கவுன்சலிங் வைத்து, நீட் தரவரிசைப்படி நிரப்புகிறது. கல்லூரித் தாளாளரே நினைத்தாலும் தன் பேரனுக்கு ஒரு இடத்தை எடுத்து வைக்க முடியாது. "கடைசி ரவுண்டுல காலி விழும், அதை நேரடியாக் கொடுப்பாங்க" என்பார்கள். அதுவும் பழைய கதை. 2023-ல் வந்த இளநிலை மருத்துவக் கல்வி விதிமுறைக்குப் பிறகு, மிச்சம் விழும் இடமும் பொதுக் கவுன்சலிங் வழியாகத்தான் போகிறது.

அப்படியானால் புரோக்கர் மூலமாகச் சீட் கிடைத்தது என்று சிலர் சொல்கிறார்களே என்று கேட்பீர்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, ஏமாந்தது அவர்களுக்கே தெரியவில்லை. புரோக்கர் பத்துப் பிள்ளைகளிடம் பணம் வாங்குவார். அதில் மூன்று பேருக்கு அவர்கள் மதிப்பெண்ணுக்கே இடம் விழுந்துவிடும். அந்த மூன்று பேரிடம் "என்னாலதான்" என்பார். மிச்சம் ஏழு பேரை ஆறு மாதம், ஒரு வருடம் என்று இழுத்தடிப்பார். இந்தத் தொழிலுக்கு வேண்டியது ஒரு செல்போனும் நல்ல சட்டையும்தான்.

இதை நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. என் கூடப்பிறந்த அண்ணனே 12 லட்சத்தைக் கொடுத்துவிட்டு வந்தார். தங்கச்சி காலேஜ் ஆபீஸில் இருக்கிறாள், அவளிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்று அவருக்குத் தோன்றவில்லை. மகன் மதிப்பெண் குறைவு என்பதை என்னிடம் சொல்ல வெட்கம். ஒரு நாள் பொழுதோட வீட்டுக்கு வந்து, மஞ்சள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். ஒதுக்கீட்டு ஆணை என்று தலைப்பு. லேமினேஷன் செய்திருந்தது. அதைக் கையில் வாங்கியதுமே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆணையை நாங்கள் கல்லூரியில் வாங்கினால் பஞ்ச் செய்து கோப்பில் போட வேண்டும். பின்பக்கம் சரிபார்த்த கையெழுத்து விழ வேண்டும். எந்தப் பிள்ளையும் அதை லேமினேட் செய்து கொண்டுவராது. விரலால் தடவிப் பார்த்தேன், முத்திரையும் கையெழுத்தும் ஒரே பிரிண்டில் வந்தவை. விண்ணப்ப எண்ணில் ஒரு இலக்கம் குறைந்தது. காவல் நிலையத்துக்கு நடையாய் நடந்து மூன்று லட்சம் திரும்பியது. ஒன்பது லட்சம் போனது போனதுதான். மஞ்சளை மண்டியில் போட்டுச் சேர்த்த பணம்.

இப்போது உங்கள் மகள் விஷயம். 2025-ல் பொதுப் பிரிவுக்குத் தகுதி மதிப்பெண் 144, பி.சி. முதலான ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 113. ஆகவே அவள் தகுதி பெற்றுவிட்டாள். ஆனால் தகுதி வேறு, சீட் வேறு. அரசு ஒதுக்கீட்டுக்கும் நிர்வாக ஒதுக்கீட்டுக்கும் விண்ணப்பம் தனித்தனி. பலர் ஒன்றைப் போட்டுவிட்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள், இரண்டையும் போடுங்கள். சுயநிதிக் கல்லூரிகள் தங்கள் இடங்களில் 65 சதவீதத்தை (சிறுபான்மைக் கல்லூரி என்றால் 50) அரசு ஒதுக்கீட்டுக்குத் தருகின்றன. அங்கே 69 சதவீத இடஒதுக்கீடு உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டில் சாதிவாரி இடஒதுக்கீடு இல்லை, பொதுவான ஒரே பட்டியல்.

போன வருட கட்-ஆஃபை வைத்து மனசைத் தளர விடாதீர்கள். 2024-ல் 17 பேர் 720-க்கு 720 வாங்கினார்கள். 2025-ல் இந்தியாவிலேயே முதல் மதிப்பெண் 686. அந்த வருட 500-ம் இந்த வருட 500-ம் ஒன்றல்ல. மதிப்பெண்ணோடு மதிப்பெண்ணை ஒப்பிடாமல், போன வருடம் எந்தத் தரவரிசை எண் வரை இடம் போனது என்று பாருங்கள்.

கட்டணத்தை நிர்ணயிப்பது ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையிலான குழு. கடந்த சில ஆண்டுகளாக சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் ஆண்டுக்கு நாலரை லட்சத்தை ஒட்டியும், நிர்வாக இடம் 13.5 லட்சத்தை ஒட்டியும் இருந்தது. கவுன்சலிங் கையேட்டில் கல்லூரி வாரியாகப் போட்டிருப்பார்கள். ஐந்து தவணை என்று வைத்தாலும் நிர்வாக இடத்துக்கு 67.5 லட்சம். 85 லட்சத்தில் மிச்சம் யாருக்கு என்று அந்த ஆளிடம் கேட்டுப் பாருங்கள். ஒதுக்கீட்டு ஆணை கையில் வந்தால் வங்கி மேலாளரிடம் கல்விக்கடன் பேசலாம். புரோக்கர் சீட்டுக்கு எந்த வங்கியும் கதவைத் திறக்காது. ஆணை வரட்டும் அம்மணி. அதன் பிறகு தோப்பைப் பற்றி வீட்டில் ஒட்டுக்கா உட்கார்ந்து பேசுங்கள்.

கேள்வி: டீம்டு யுனிவர்சிட்டிக்கும் சுயநிதிக் கல்லூரிக்கும் என்ன வித்தியாசம்? இரண்டுமே தனியார்தானே?
– ஒரு வாசகர், பெருந்துறை

பதில்: தட்ட வேண்டிய கதவு வேறு. சுயநிதிக் கல்லூரிக்குக் கீழ்ப்பாக்கம். டீம்டு எனப்படும் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் எல்லா இடங்களுக்கும் டெல்லியில் உள்ள எம்.சி.சி. என்னும் மருத்துவக் கவுன்சலிங் குழு. நிகர்நிலையில் மாநில அரசு ஒதுக்கீடு கிடையாது. கட்டணமும் பல இடங்களில் ஆண்டுக்கு 20 லட்சத்துக்கு மேல் போகிறது. நம் பக்கத்தில் ஒரே சாலையில் அடுத்தடுத்து இருக்கும் கல்லூரிகளில் ஒன்று இந்த வகையாகவும் மற்றது அந்த வகையாகவும் இருக்கலாம். பெயர்ப் பலகையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வெளிநாடு வாழ் இந்தியர் ஒதுக்கீடு என்று 15 சதவீதம் வரை உண்டு. துபாயில் சித்தப்பா இருக்கிறார் என்பதற்காக அதில் கண்ணை மூடிக்கொண்டு இறங்க வேண்டாம், உறவுக்கும் பணம் வந்த வழிக்கும் ஆவணம் கேட்பார்கள்.

கேள்வி: எம்.சி.ஐ. போய் என்.எம்.சி. வந்துவிட்டது என்கிறார்கள். அனுமதி பெற்ற கல்லூரி என்று இணையத்தில் இருந்தால் போதுமா? நல்ல கல்லூரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– ஒரு வாசகர், காங்கேயம்

பதில்: இந்தக் கேள்வியைக் கேட்க ஒருவர் வந்தாரே என்று சந்தோஷப்பட்டேன்.

1956-ம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்கிய எம்.சி.ஐ. என்னும் இந்திய மருத்துவக் கவுன்சில் மீது குற்றச்சாட்டுகள் மலைபோல் குவிந்தன. 2010-ல் அதன் தலைவரையே சி.பி.ஐ. கைது செய்தது. 2019-ல் புதுச் சட்டம் வந்து, 2020 செப்டம்பர் 25 முதல் என்.எம்.சி. என்னும் தேசிய மருத்துவ ஆணையம் நடைமுறைக்கு வந்தது. அதன் கீழே நான்கு வாரியங்கள்: இளநிலைப் படிப்புக்கு ஒன்று, முதுநிலைக்கு ஒன்று, கல்லூரிகளை ஆய்வு செய்து அனுமதி தர ஒன்று, மருத்துவர் பதிவுக்கும் தொழில் ஒழுக்கத்துக்கும் ஒன்று. ஆனால் பலகை மாறினால் எல்லாம் மாறிவிடாது. 2025-ல் கல்லூரி ஆய்வுகளில் லஞ்சம் என்று சி.பி.ஐ. மறுபடியும் வழக்குப் போட்டது. ஆகவே அனுமதிப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள், எத்தனை இடங்களுக்கு என்றும் பாருங்கள். அதோடு நிறுத்தாதீர்கள்.

நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். ஆய்வுக்குழு வரும் நாள் வெள்ளென ஐந்து மணிக்கே வேன்கள் வந்து நின்றன. சுற்றுவட்டார ஊர்களிலிருந்து ஆட்களை இறக்கினார்கள். ஆளுக்கு ஒரு கட்டில், ஒரு கேஸ் ஷீட். பெயர் எழுத ஆள் போதவில்லை என்று அலுவலகத்தில் இருந்த எங்களையும் வார்டுக்கு அனுப்பினார்கள். ஒரு கட்டிலில் அமுச்சி ஒருத்தி, காதில் பாம்படம் தொங்கிய பழைய துளை, மடியில் வெற்றிலைப் பை. "என்னங்க உடம்புக்கு?" என்றேன். "ஒண்ணுமில்லெ சாமி. மத்தியானச் சோறும் இருநூறு ரூவாயும் தாரேன்னு கூட்டியாந்தாங்க. ஊசி கீசி போட்டுருவாங்களா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஷீட்டில் காய்ச்சல் என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன். அன்று எனக்கு வேலை வேண்டியிருந்தது. அந்தக் கையின் சூடு இன்னும் என் நினைவில் இருக்கிறது. அந்த வருடம் அந்தக் கல்லூரியில் சேர்ந்த பிள்ளைகள் யாரைத் தொட்டுப் பார்த்து மருத்துவம் கற்றிருப்பார்கள்?

2023-ல் வந்த குறைந்தபட்சத் தர விதிப்படி 100 இடங்கள் உள்ள கல்லூரிக்கு 420 படுக்கைகள், 150 இடங்களுக்கு 605 படுக்கைகள் வேண்டும். அதில் 80 சதவீதம் நிரம்பியிருக்க வேண்டும். ஆசிரியர்களின் வருகையும் ஆதார் வழியாகப் பதிவாகிறது. 2025 மே முதல் முகத்தைப் பார்த்துப் பதிவு செய்யும் முறை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இவ்வளவு விதி வைத்தும் உங்கள் கண்ணுக்கு ஈடாகாது.

எனவே சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் போங்கள். பத்து மணிக்கு ஓ.பி. சீட்டு வரிசை எவ்வளவு நீளம் என்று பாருங்கள். பொது மருத்துவ வார்டில் நுழையுங்கள். கட்டில் விரிப்பு கசங்காமல், தலையணை உப்பி இருந்தால் அங்கே நோயாளி படுப்பதில்லை. கட்டிலுக்கு அடியில் தூக்குப்போசியும் செருப்பும் இருந்தால் நல்ல கல்லூரி என்று பாதி நம்பலாம். பிரசவ வார்டுக்கு வெளியே ஆயாவிடம், நேற்று எத்தனை பிரசவம் என்று கேளுங்கள். அவருக்குத்தான் சரியான கணக்கு தெரியும். பிறகு டீக்கடைக்குப் போனால் ஹவுஸ் சர்ஜன் பிள்ளைகள் நிற்பார்கள். உதவித்தொகை மாதாமாதம் கைக்கு வருகிறதா, ராத்திரி டியூட்டியில் சீனியர் டாக்டர் இருக்கிறாரா என்று அவர்களிடம் கேளுங்கள். மறைக்க மாட்டார்கள்.

கேள்வி: மகன் தனியார் கல்லூரியில் முதலாண்டு. குழு நிர்ணயித்த கட்டணம் போக, "இதர வகை" என்று ரசீது இல்லாமல் ரொக்கமாகக் கேட்கிறார்கள்.
– ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதத்தின் நகலை வைத்துக்கொள்ளுங்கள். நன்கொடை வசூலைத் தடை செய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 1992-லிருந்தே இருக்கிறது. பதில் வராவிட்டால் கட்டண நிர்ணயக் குழுவுக்கும் தேர்வுக்குழுவுக்கும் பதிவுத் தபாலில் புகார் அனுப்புங்கள். பையனைப் பழிவாங்குவார்களோ என்ற பயம் நியாயமானதுதான். நாலைந்து பெற்றோர் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள்.

கேள்வி: வெளிநாட்டில் மொத்தமே 25 லட்சத்தில் எம்.பி.பி.எஸ். முடித்துவிடலாம் என்று ஈரோட்டில் ஒரு கருத்தரங்கில் சொன்னார்கள். அனுப்பலாமா?
– ஒரு வாசகர், சத்தியமங்கலம்

பதில்: 2021 நவம்பரில் வந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களிடம் நாலு கேள்வி கேளுங்கள். படிப்பு குறைந்தது 54 மாதமா? ஆங்கிலத்தில்தான் சொல்லித் தருகிறார்களா? அதே நிறுவனத்தில் 12 மாதம் பயிற்சி உண்டா? முடித்ததும் அந்த நாட்டிலேயே மருத்துவம் பார்க்க உரிமம் கிடைக்குமா? ஒன்றுக்கு "இல்லை" வந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். எல்லாம் சரி என்றாலும், திரும்பி வந்து வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான எஃப்.எம்.ஜி.இ. தேர்வில் 300-க்கு 150 எடுத்துத் தேற வேண்டும், இங்கேயும் ஒரு வருடம் பயிற்சி செய்ய வேண்டும். நீட் தேறாமல் போனால் இங்கே அந்தத் தேர்வுக்கே உட்கார முடியாது. படிப்பில் நிதானமான, தனியாகச் சமாளிக்கிற பிள்ளை என்றால் யோசியுங்கள். பிளஸ் டூவிலேயே திணறிய பிள்ளையை விமானம் ஏற்றாதீர்கள்.

கேள்வி: நான் தறிக்கு நூல் போடுகிறவள். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிதான், இப்போது பிளஸ் டூ. டாக்டர் படிப்பு எங்களுக்கெல்லாம் ஆகுமுங்களா?
– ஒரு தாய், அந்தியூர்

பதில்: ஆகும் அம்மணி. 2020-ல் கொண்டுவந்த சட்டத்தால் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு. தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கும் அது பொருந்தும். அங்கே இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே கட்டுகிறது. இந்தப் பட்டியலில் வந்த பிள்ளைகள் என் மேசைக்கு முன்னால் நின்றிருக்கிறார்கள். அப்பா அம்மா ஒரு ரூபாய் எடுக்காமல் சேர்ந்திருக்கிறார்கள். இதில் புரோக்கருக்கு வேலையே இல்லை. நீட் எழுதியே ஆக வேண்டும். அரசுப் பள்ளிகளில் நடக்கும் பயிற்சி வகுப்பில் மகள் பெயர் இருக்கிறதா என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள்.

ஒரே ஒரு வேலையை மட்டும் இப்போதே தொடங்குங்கள். ஆறாம் வகுப்பு முதல் எந்தெந்தப் பள்ளியில் படித்தாளோ, அத்தனை தலைமையாசிரியரிடமும் படிப்புச் சான்று வாங்கி வையுங்கள். இடையில் ஊர் மாறியிருந்தால் அந்த ஊர்ப் பள்ளிக்கும் போக வேண்டியிருக்கும். சாதிச் சான்றில் இருக்கும் பெயரும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் இருக்கும் பெயரும் இனிஷியல் உட்பட ஒன்றாக இருக்கிறதா என்று மகளையே எழுத்து எழுத்தாகப் படிக்கச் சொல்லுங்கள். வேறாக இருந்தால் எனக்கு ஒரு அட்டை போடுங்கள், என்ன செய்ய வேண்டும் என்று எழுதுகிறேன்.