எஸ்.டபிள்யூ.ஆர். 1.2 காட்டுகிறது, கூப்பிட்டால் யாரும் வருவதில்லை

கேள்வி: தென்காசியில் முதல் மாடியோடு கூடிய சொந்த வீடு. மொட்டை மாடி 30-க்கு 40 அடி. மாடிப்படி அறை ஏறக்குறைய நடுவில் இருக்கிறது. வீட்டின் முன்னால் தெருவில் ஈ.பி. லைன் போகிறது. ஹாம் லைசென்ஸ் (பொழுதுபோக்காக ரேடியோவில் பேசும் அனுமதி, அதில் ரெஸ்ட்ரிக்டட் கிரேடு) வந்து ஆறு மாதம் ஆகிறது. ஒரு மூத்த ஹாம் கொடுத்த பழைய ஆர்ஜி-58 கேபிள் (ரிக் என்னும் ரேடியோ பெட்டியையும் ஆன்டெனாவையும் இணைப்பது) 25 மீட்டர் இருந்தது. அதை வைத்து கைப்பிடிச் சுவரை ஒட்டி, ஐந்தடி உயரத்தில் 40 மீட்டர் பேண்டுக்கு (7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை) டைபோல், அதாவது நடுவில் கேபிள் சேரும் இரண்டு கால் கம்பி ஆன்டெனா, ஒன்றை மடக்கிக் கட்டியிருக்கிறேன். மீட்டரில் 7.000 முதல் 7.200 மெகாஹெர்ட்ஸ் வரை எங்கே வைத்தாலும் எஸ்.டபிள்யூ.ஆர். (பவர் திரும்பி வருவதைக் காட்டும் அளவு, ஒன்றுக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது என்பார்கள்) 1.2தான். எல்லோரும் எனக்கு நன்றாகக் கேட்கிறார்கள். ஆனால் காலை நெட்டில் (ஹாம்கள் ஒரே அலைவரிசையில் கூடிப் பேசும் நேரம்) கூப்பிட்டால் பதில் இல்லை. 2 மீட்டர் பேண்டுக்கும் (145 மெகாஹெர்ட்ஸ்) இதே கேபிளைத்தான் மாற்றி மாற்றி மாட்டுகிறேன். ஒருவர் மல்டிபேண்ட் வெர்ட்டிக்கல் (பல பேண்டுக்கும் ஆகும் செங்குத்து ஆன்டெனா) வாங்கு என்கிறார், இன்னொருவர் யாகி (ஒரே திசையில் வீசும் பல கம்பி ஆன்டெனா) என்கிறார். எதை வாங்கலாம்?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். நீங்கள் பெருமையாக எழுதியிருக்கும் அந்த 1.2தான் எனக்கு உறுத்துகிறது.

ஒழுங்காக வேலை செய்யும் 40 மீட்டர் டைபோல் இப்படி நடந்துகொள்ளாது. ஒரு இடத்தில் 1.2-க்கு இறங்கும், அங்கிருந்து இரண்டு பக்கமும் ஏறும். 7.100-ல் நன்றாக இருந்தால் பேண்டின் இரு ஓரங்களிலும் ஒன்றரைக்கு மேல் போவது சாதாரணம். உங்களுடையதோ தரையில் விரித்த பாய் மாதிரி ஒரே மட்டமாகக் கிடக்கிறது. அதுவும் மடக்கிக் கட்டி, கான்கிரீட்டுக்கு ஐந்தடி மேலே தொங்கும் கம்பிக்கு! ரிக்கின் உள்ளே இருக்கும் ட்யூனர் (ஆன்டெனா எப்படியிருந்தாலும் எஸ்.டபிள்யூ.ஆரைக் குறைத்துக் காட்டும் சுற்று) ஆன் ஆகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் குற்றவாளி அந்த இலவசக் கேபிள்தான்.

மீட்டர் என்ன செய்கிறது? மேலே போகும் பவரையும் திரும்பி வரும் பவரையும் ஒப்பிடுகிறது, அவ்வளவுதான். கேபிள் போகிற வழியில் பாதியைத் தின்று, திரும்பி வருவதிலும் பாதியைத் தின்றால், மீட்டரிடம் வந்து சேருவது சொற்பம். அது உடனே "ஆஹா, எல்லாம் மேலேயே போய்விட்டது" என்று நினைத்துக்கொள்கிறது. ஒரு வழி இழப்பு 9 டெசிபெல் (எட்டில் ஒரு பங்கு பவர்தான் மிஞ்சும்) இருந்தால், மேலே ஆன்டெனாவையே கழற்றி வைத்தாலும் மீட்டர் 1.3தான் காட்டும். உங்கள் கேபிளில் 7 டெசிபெல்லாவது போகிறது என்பது என் கணிப்பு. ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு வரம்பே 50 வாட். அதில் 10 வாட் மேலே போய்ச் சேர்ந்தால் பெரிது.

அப்படியென்றால் எனக்கு மட்டும் எப்படி எல்லோரும் கேட்கிறார்கள் என்பீர்கள். 7 மெகாஹெர்ட்ஸில் வானத்து இரைச்சலும் ஊர் இரைச்சலும் ஏகத்துக்கு உண்டு. கேபிளில் 7 டெசிபெல் போனால் சிக்னலும் இரைச்சலும் சேர்ந்தே குறையும். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி அப்படியே இருக்கும், காதுக்கு வித்தியாசம் தெரியாது. நீங்கள் பேசும்போதுதான் அடி விழும். நமக்குக் கேட்கிறது, அவர்களுக்குக் கேட்கவில்லை என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேபிளைத்தான் பார்ப்பேன்.

சோதிப்பது எளிது. பக்கத்தில் யாரிடமாவது நானோ விஎன்ஏ (ஆன்டெனாவையும் கேபிளையும் அளக்கும் சின்னக் கருவி) இரவல் வாங்குங்கள். மாடியில் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, கேபிள் நுனியைத் திறந்தபடி விட்டு, கீழிருந்து 7.1-ல் அளந்து பாருங்கள். நல்ல ஆர்ஜி-58 இருபத்தைந்து மீட்டருக்கு எஸ்.டபிள்யூ.ஆர். எட்டு, ஒன்பது என்று காட்ட வேண்டும். இரண்டு, இரண்டரை வந்தால் கேபிளுக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது. ரிக்கை வைத்து இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்.

அப்புறம் மேல் முனையில் ஒரு சாண் வெட்டி, கறுப்பு உறையை உரித்துப் பாருங்கள். உள்ளே கம்பிப் பின்னல் பளபளவென்று இருக்க வேண்டும். கறுத்தோ களிம்பு பூத்தோ இருந்தால் பேசவே வேண்டாம், குப்பைக்குப் போகட்டும். என் வீட்டிலேயே ஒரு ஐப்பசி மாதம், மேசை மேல் இருந்த மீட்டரின் பின்பக்கத்திலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. கூரை ஒழுகுகிறது என்று நினைத்தேன். மாடியில் பிஎல்-259 கனெக்டரை டேப் சுற்றாமல் விட்டிருந்தேன். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல அந்தப் பின்னல் மழைநீரை இழுத்து, இருபது மீட்டர் கடத்தி, மேசை வரை கொண்டுவந்து சேர்த்திருந்தது. அந்த நாலு மாதமும் எஸ்.டபிள்யூ.ஆர். அருமையாகத்தான் இருந்தது.

சரி, புதுக் கேபிள். 40 மீட்டருக்கு மட்டும் என்றால் புதிய ஆர்ஜி-58 போதும். 25 மீட்டருக்கு ஒரு டெசிபெல் போகும், அதாவது 50-ல் 40 வாட் மேலே போகும். அதே கேபிள் 145 மெகாஹெர்ட்ஸில் மூன்றில் இரண்டு பங்கைத் தின்றுவிடும். அதனால் 2 மீட்டருக்குத் தனியாக ஆர்ஜி-213 இழுங்கள். கையில் காசு குறைவென்றால் டிஷ் டிவிக்குப் போடும் ஆர்ஜி-6 கூட ஆகும். அது 75 ஓம் என்பதால் எஸ்.டபிள்யூ.ஆர். ஒன்றரை வரை காட்டலாம், அதனால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. ஆனால் அதன் பின்னல் அலுமினியம், ஈயம் ஒட்டாது. எஃப் கனெக்டர் போட்டு அடாப்டர் வைத்துத்தான் மாட்ட வேண்டும்.

இனி ஆன்டெனா. ஐந்தடி உயரத்தில் கட்டியது பாதி பவரைக் கான்கிரீட்டுக்கும் அதற்குள் இருக்கும் கம்பிக்கும் தானம் செய்வதற்குச் சமம். உங்கள் மாடிக்கு இன்வெர்ட்டட் 'வி' (நடு உயர்ந்து இரண்டு கால்களும் கீழே சரியும் டைபோல்) தான் சரி. 20 அடி நீளத்தில் கிடைக்கும் ஒன்றரை இஞ்ச் ஜிஐ பைப் ஒன்று வாங்கி, மாடிப்படி அறைச் சுவரில் இரண்டு இடத்தில் கிளாம்ப் அடித்து நிறுத்துங்கள். உச்சியில் மூன்று பக்கமும் கயிறு கட்ட வேண்டும். தென்காசி ஆடிக் காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நைலான் கயிறு வெயிலில் உளுத்துப்போகும், பாலியஸ்டர் கயிறு கேளுங்கள்.

143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் வரும். 7.1-க்கு ஏறத்தாழ 20 மீட்டர், ஒரு பக்கம் 33 அடி. வீட்டு வயரிங்குக்குப் போடும் 2.5 சதுர மில்லிமீட்டர் வயரே போதும். பிளாஸ்டிக் உறை இருப்பதால் கடைசியில் கொஞ்சம் குறைக்க வேண்டியிருக்கும். அதனால் ஒரு அடி கூடவே வெட்டி, மடித்து மடித்துச் சரிசெய்யுங்கள். வெட்டிய வயர் வளராது.

உங்கள் மாடியின் மூலைவிட்டம் 50 அடி. நடுவிலிருந்து மூலைக்கு 25 அடி. மூலையில் எட்டடிக் கம்பு நட்டு உச்சியிலிருந்து இழுத்தால் 28 அடி வயர் அடங்கும். மிச்சம் ஐந்தடியைக் கைப்பிடிச் சுவருக்கு இணையாக, அதே எட்டடி உயரத்தில் மடக்கிக் கட்டுங்கள். கீழே தொங்கவிடாதீர்கள். 50 வாட்டிலேயே வயர் நுனியில் நூற்றுக்கணக்கான வோல்ட் நிற்கும். துணி காயப்போட வருபவர்கள் தொட்டால் சுட்டுவிடும்.

உச்சியில் கேபிள் வந்து சேரும் இடத்தில் 1:1 கரன்ட் பேலன் (கேபிளின் வெளிப்புறத்தில் மின்னோட்டம் ஓடாமல் தடுப்பது) வையுங்கள். கேபிளையே ஃபெரைட் வளையத்தில் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றினாலும் சரிதான். இணைப்பின் மேல் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப், அதன் மேல் சாதாரண டேப். கேபிள் வீட்டுக்குள் நுழையும் முன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

இந்த உயரத்தில் 40 மீட்டர் சிக்னல் பெரும்பாலும் மேல் நோக்கித்தான் போகும். அது குறையில்லை. பகலில் மேலே போய்த் திரும்பி விழும் அந்தச் சிக்னல்தான் கொச்சிக்கும் கோவைக்கும் பெங்களூருக்கும் போய்ச் சேருகிறது. காலை நெட்டுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மல்டிபேண்ட் வெர்ட்டிக்கல் தொடுவானம் நோக்கி வீசும், நடுவில் இருக்கும் கொச்சியைத் தாண்டிப் போய்விடும். போதாததற்குப் பக்கத்து வீட்டு எல்இடி பல்பு, இன்வெர்ட்டர் இரைச்சலையெல்லாம் அள்ளிக்கொண்டு வரும். வெளிநாடு பிடிக்கும் ஆசை வந்த பிறகு யோசிக்கலாம். 40 மீட்டருக்கு யாகியா? அதன் ஒரு எலிமென்ட்டே உங்கள் மாடியை விட நீளம். சொன்னவர் 2 மீட்டர் யாகியைச் சொல்லியிருப்பார்.

2 மீட்டருக்கு யாகி வேண்டாம், கிரவுண்ட் பிளேன் போதும். சேஸிஸில் பொருத்தும் எஸ்ஓ-239 சாக்கெட் ஒன்று, நடுவில் 49 செ.மீ. பித்தளைக் கம்பி, நாலு மூலையிலும் 52 செ.மீ. கம்பிகளை 45 டிகிரி கீழே சாய்த்துத் திருகினால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வேலை முடிந்துவிடும். மாடிப்படி அறையின் மறு மூலையில் தனிக் கம்பில் ஏற்றுங்கள்.

ஈ.பி. லைன் கைப்பிடிச் சுவரிலிருந்து எவ்வளவு தூரம் என்று எழுதவில்லை. ஒரு காலின் வயர் நீளத்துக்குள் இருந்தால் முன்பக்க மூலைக்கு வயர் இழுக்கவே கூடாது. அறுந்த வயர் காற்றில் பறந்து லைன் மேல் விழும். இரண்டு கால்களையும் பின்பக்க மூலைகளுக்கே இழுங்கள், கொஞ்சம் இழப்பு இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். பைப்பை நிறுத்தும்போது இரண்டு பேர் பிடிக்க, ஒருவர் லைனை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

பைப்பின் அடியிலிருந்து தடித்த செம்புக் கம்பி ஒன்றை வளைவில்லாமல் கீழே இறக்கி எர்த் கம்பியில் சேருங்கள். வீட்டு எர்த்தோடும் இணைத்துவிடுங்கள். ஆனாலும் சித்திரைக் கோடை மழையிலும் ஐப்பசியிலும் இடி உறுமத் தொடங்கும்போது கேபிளைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுவதுதான் என் பழக்கம். தலைக்கு மேல் இடிக்கும்போது போய்க் கழற்றாதீர்கள், ரிக் போனால் வேறு வாங்கலாம்.

எல்லாம் கட்டி முடித்ததும் மறுபடி அளந்து பாருங்கள். 7.100-ல் 1.3-ம் ஓரங்களில் 1.8-ம் வந்தால் பதறி ட்யூனரைத் தேடாமல், அப்படியே காலை நெட்டில் கூப்பிடுங்கள்.