வருமானம் நிலையில்லை, இரண்டு மாத வாடகை பாக்கி: எதை முதலில் கட்டுவது?

நீங்கள் சென்னையில் பெயின்டிங் வேலை செய்கிறீர்கள், மழையால் வேலை நின்றுவிட்டது, வாடகை பாக்கியோடு குழுக் கடனும் தண்டலும் சேர்ந்து நெருக்குகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள்.

என் பதில், முதலில் வாடகை. வீடு போனால் புது அட்வான்ஸ், சாமான் ஏற்றுகூலி என்று இன்னொரு கடன் வந்து நிற்கும். 2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, பாக்கிக்காக வீட்டுக்காரர் வாடகை நீதிமன்றம் போகலாம். ஆனால் நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் வட்டியோடு கட்டிவிட்டால், அந்தப் பாக்கிக்காக உங்களை வெளியேற்ற உத்தரவிட முடியாது. தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தி மிரட்டவும் அவருக்கு உரிமை இல்லை.

அதுவரை போகவிடாமல், இப்போதே நேரில் பேசுங்கள். ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள். சம்மதித்தால் எழுதி வாங்குங்கள். மீதியை மாதக் கடைசிக்குச் சேர்த்து வைக்க வேண்டாம். கூலி கையில் வரும் அன்றே முந்நூறோ ஐந்நூறோ ஜிபேயில் அனுப்பிவிடுங்கள். பதிவும் இருக்கும், அவருக்கு நம்பிக்கையும் வரும்.

குழுக் கடனுக்குத் தவணை நாளுக்கு முன்பே போய் அவகாசம் கேளுங்கள். அதை அடைக்கத் தண்டல் மட்டும் வாங்கிவிடாதீர்கள், தயவுசெய்து. ஏற்கெனவே வாங்கிய தண்டலில் அநியாய வட்டி கேட்டு மிரட்டினால், 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டத்தில் தண்டலும் மீட்டர் வட்டியும் அடங்கும். கட்டிய தொகையைத் தேதியோடு எழுதி எடுத்துக்கொண்டு போய்க் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.