இத்தாலியில் நடுக்கால மலையுச்சி ஊர் ஒன்றை மட்டும் பார்க்க முடியுமென்றால் எங்கே போகலாம்?

சிவிட்டா டி பான்யோரேஜோ போங்கள். ரோமுக்கு வடக்கே வித்தெர்போ பக்கம் இருக்கிறது. ஓர்வியேத்தோ வரை ரயில், அங்கிருந்து பக்கத்து ஊரான பான்யோரேஜோவுக்கு பஸ், அப்புறம் நடைதான்.

பார்க்க அழகான ஊர்கள் அந்த நாட்டில் எத்தனையோ உண்டு. இங்கே வீடு எது, பாறை எது என்று பிரிக்க முடியாது, அதனால்தான் இதைச் சொல்கிறேன். குன்றின் மேல்பகுதி எரிமலைச் சாம்பல் இறுகிய டஃப் கல், அடியில் களிமண். டஃப் கல் வெட்ட எளிது. சுமார் 2500 ஆண்டுகளுக்கு முன் குடியேறிய எட்ருஸ்கர்கள் (ரோமர்களுக்கு முன்பே நடு இத்தாலியில் வாழ்ந்த மக்கள்) அதில் குகைகளைக் குடைந்தார்கள். நடுக்காலத்தில் வாழ்ந்தவர்கள் அதே கல்லால் மேலே வீடு கட்டிக்கொண்டு, கீழே இருந்த குகைகளில் ஒயின் வைத்தார்கள், ஒலிவ எண்ணெய் ஆட்டினார்கள். ஊருக்குள் நுழையும் சாந்தா மரியா வாயிலும் அப்படித்தான்: பாறையைக் குடைந்த வழி எட்ருஸ்கர்களுடையது, வளைவு நடுக்காலத்தது. வீடுகளில் வெளிப்புறக் கற்படிகளைக் கவனியுங்கள், ப்ரொஃபெர்லோ என்பார்கள், தெருவிலிருந்து நேரே மாடி வாசலுக்கு ஏறும்.

இத்தனைக்கும் இடம் கொடுத்த குன்றுதான் ஊரைக் கரைக்கவும் செய்கிறது. மழையும் இருபுறத்து ஓடைகளும் களிமண்ணை அரிக்க அரிக்க, மேலே உள்ள கல் பிடிப்பில்லாமல் வெடித்து, வீட்டோடு சேர்ந்து சரிகிறது. 1695 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஆயரும் அதிகாரிகளும் பக்கத்துக் குடியிருப்புக்கே போய்விட்டார்கள், இன்றைய பான்யோரேஜோ அதுதான். 13-ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ இறையியலாளர் புனித பொனவெந்தூரா பிறந்த வீடும் பள்ளத்தில் விழுந்துவிட்டது.

நான் போனது மழை விட்ட ஒரு நவம்பர் காலை. வாயிலைத் தாண்டியதும் ஒரு மாளிகையின் முகப்பு, கதவு, ஜன்னல் சட்டம் எல்லாம் ஒழுங்காக இருந்தது. அண்ணாந்து பார்த்தால் ஜன்னலுக்குள் அறை இல்லை, சாம்பல் நிற வானம். பின்னால் இருந்த கட்டடம் முழுக்க எப்போதோ பள்ளத்தில் விழுந்துவிட்டதாம். அந்த இடத்தை விட்டு நகர எனக்கு வெகு நேரம் ஆயிற்று.

இப்போது நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் பத்துப் பதினைந்து பேருக்குள்தான். போக ஒரே வழி 1965-இல் கட்டிய நடைபாலம், கார் போகாது, கடைசிப் பகுதி நல்ல ஏற்றம். நுழைவுக் கட்டணம் உண்டு, 2013-இலிருந்து வாங்குகிறார்கள். காலையிலேயே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் பாலம் நிறையக் கூட்டம். மழைக்காலமென்றால் பிடிப்புள்ள செருப்பு அவசியம், உள்ளே கற்கள் வழுக்கும்.