ராத்திரிதான் கோன் கட்டாயம் வேண்டும்

கேள்வி: என் நாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் முடிந்து 4 நாள். தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டிய கோனோடு (கூம்பு வடிவத் தடுப்பு) பரிதாபமாக முழிக்கிறது. ராத்திரி மட்டும் கழற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் தூங்கும் நேரத்தில்தான் அது நிதானமாகத் தையலை நக்கும். நாய் நக்கினால் புண் ஆறும் என்பார்கள். நடப்பது வேறு: எச்சிலில் உள்ள கிருமி காயத்துக்குள் போகிறது, ஈரத்தில் தோல் ஊறுகிறது. முன்பல்லால் நூலைக் கடித்து இழுக்க இரண்டு நிமிடம் போதும். பிரிந்துவிட்டால் மறுபடி மயக்க மருந்து, மறுபடி தையல். புண் ஆறத் தொடங்கும்போது அரிப்பும் எடுக்கும், அதனால் இப்போதுதான் கவனம் அதிகம் வேண்டும். பொதுவாக 10 முதல் 14 நாள் கோன் இருக்க வேண்டும். டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகே கழற்றுங்கள்.

கேள்வி: கடையில் எந்த சைஸ் கேட்பது?

பதில்: பட்டை கட்டும் இடத்தில் கழுத்தின் சுற்றளவை எடுங்கள். அங்கிருந்து மூக்கு நுனிவரை இன்னொரு அளவு. கோன் மூக்கைத் தாண்டி 3 முதல் 5 செ.மீ. நீண்டிருக்க வேண்டும், மூக்கு வெளியே எட்டிப்பார்த்தால் உடம்பை வளைத்து வயிற்றைத் தொட்டுவிடும். மாட்டியபின் கழுத்தில் இரண்டு விரல் நுழைய வேண்டும். அதற்கு மேல் தொளதொளவென்று இருந்தால் முன்காலாலேயே தள்ளிக் கழற்றிவிடும். கோனின் அடியில் உள்ள கண்ணிகளில் வழக்கமான கழுத்துப்பட்டையைக் கோத்துக் கட்டுவதை மறக்காதீர்கள்.

கேள்வி: கோன் மாட்டியதும் பூனை பின்பக்கமாகவே நடக்கிறது, சாப்பிடவும் மாட்டேன் என்கிறது.

பதில்: பின்பக்கமாக நடப்பது ஓரிரு நாளில் சரியாகும். சாப்பாடுதான் முக்கியம். கோனின் விளிம்பு தரையில் இடிப்பதால் வாய் எட்டவில்லை. கோனின் வாயைவிடச் சின்னக் கிண்ணத்தை, கவிழ்த்த டப்பா மேல் வையுங்கள். விளிம்பு கிண்ணத்தைச் சுற்றி இறங்கும், பூனை தலையைக் குனிந்து தின்னும். அப்படியும் முடியாவிட்டால் கழற்றி ஊட்டுங்கள். பக்கத்தைவிட்டு நகராமல் இருந்து, தின்றதும் மாட்டிவிடுங்கள். 24 மணி நேரம் எதுவும் தொடாவிட்டால் டாக்டரிடம் போய்விடுங்கள். பட்டினி கிடந்தால் பூனையின் ஈரல் கெடும்.

கேள்வி: கோனுக்குப் பதில் கழுத்தில் மாட்டும் காற்றடைத்த வளையம் போதாதா?

பதில்: நெஞ்சு, முதுகுக் காயத்துக்குப் போதலாம். பாதம், வால், பின்காலுக்குப் போதாது. கண், காது ஆபரேஷனுக்கு வேண்டவே வேண்டாம்: காலால் சொறிவதை அது தடுக்காது.

கேள்வி: கழுத்து சிவந்திருக்கிறது. மஞ்சள் பூசலாமா?

பதில்: எதுவும் பூசாதீர்கள். சோறும் எச்சிலும் உள்விளிம்பில் தங்குவதால் வருவது இது. தினமும் ஒருமுறை, இன்னொருவர் பிடித்துக்கொள்ள, கோனைச் சோப்பால் கழுவி நன்றாகத் துடைத்து மாட்டுங்கள். உரசும் விளிம்பில் மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றித் தைத்துவிடலாம். தோல் கசிந்தாலோ முடி கொட்டினாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.