செயலி இருந்தும் தலைசுற்றலா?

கேள்வி: தேர்வுப் பதற்றத்துக்கு மூச்சுப் பயிற்சிச் செயலி வைத்திருக்கிறேன். படபடப்பு வரும்போது அதைத் திறந்தால் தலைதான் சுற்றுகிறது. ஏன்?

பதில்: பதற்றத்தில் வேகமாகவும் ஆழமாகவும் மூச்சை இழுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும், பெரும்பாலும் தலைசுற்றல் அதனால்தான். மூக்கால் 4 விநாடி மெல்ல உள்ளே, 6 விநாடி வெளியே. நடுவில் மூச்சைப் பிடிக்க வேண்டாம். மனம் அமைதியாக இருக்கும்போதே தினமும் 5 நிமிடம் பழகுங்கள். வெள்ளத்தில் இறங்கியா நீச்சல் கற்பது? 'இன்று பயிற்சி செய்யவில்லையே' என்று நச்சரிக்கும் அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். செயலியில் மனநிலையைப் பதியும்போது தூங்கிய நேரத்தையும் குறியுங்கள். 2 வாரமாகியும் தூக்கம், பசி, படிப்பு சீராகாவிட்டால் அந்தக் குறிப்புகளோடு கல்லூரி மனநல ஆலோசகரைப் பாருங்கள். எதையெல்லாம் ரகசியமாக வைப்பார் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் செயலி போதாது; தனியாக இருக்காமல் உடனே மனநல உதவி எண்ணை அழையுங்கள்.