நானோ பட்டம் இப்போதே வேண்டுமா?

துணியில் நானோ துகள் (கண்ணுக்குத் தெரியாத மிகமிகச் சிறிய துகள்) ஏற்றிப் புரதத்தைப் பிடித்து வைக்கும் ஆராய்ச்சிக்குத்தான் போவேன் என்று உங்கள் மகள் நிற்கிறாள். நானோ டெக்னாலஜி பி.டெக்.கில் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் இப்போது வேண்டாம். டெக்ஸ்டைல் டெக்னாலஜியோ பயோடெக்னாலஜியோ படிக்கட்டும். நானோவை எம்.டெக்.கில் பார்த்துக்கொள்ளலாம். நாளைக்கே மனம் மாறினாலும் கையில் ஒரு தொழில் இருக்கும்.

அந்த வேலை எப்படிப்பட்டது என்பதை முதலில் அவள் தெரிந்துகொள்ளட்டும். சிலிக்கா போன்ற துகள் கலந்த கரைசலில் பருத்தித் துணியை முக்கி, உருளைகளுக்கிடையே பிழிந்து, உலர்த்திச் சூடேற்றுவார்கள். நெய்த துணியைப் பதப்படுத்தும் ஃபினிஷிங் யூனிட்டுகளில் அன்றாடம் நடக்கும் ‘பேடிங்’ என்ற முக்கிப் பிழியும் வேலைதான் இது. துகள் சிறிதாகச் சிறிதாகப் புறப்பரப்பு கூடும், புரதம் ஒட்ட இடம் கிடைக்கும். ஒட்டுமா என்பதில் மின்சுமைக்குப் பெரிய பங்கு உண்டு. சோதனைக்கு வழக்கமாக எடுக்கும் மாட்டு ஆல்புமின் என்ற இரத்தப் புரதம், அமிலமும் காரமும் இல்லாத நடுநிலையில் (பி.எச். 7) எதிர்மின்சுமையோடு இருக்கும். துகளின் மேல் அமீன் என்ற நைட்ரஜன் உள்ள வேதித் தொகுதியை ஏற்றி நேர்மின்சுமை கொடுத்தால் ஒட்டிக்கொள்ளும்.

எவ்வளவு பிடித்தது என்று பார்க்க, துணியைப் புரதக் கரைசலில் ஊறவைத்து எடுத்த பிறகு, மிஞ்சிய கரைசலில் புரதத்தைக் காட்டிக்கொடுக்கும் பிராட்ஃபோர்டு சாயத்தை விடுவார்கள். புரதம் இருந்தால் செம்பழுப்பு நீலமாகும். அந்த நீலத்தை 595 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அளப்பார்கள். நீலம் வெளிறினால் புரதம் துணிக்குப் போய்விட்டது என்று சந்தோஷம். ஆனால் அதே துணியை உப்புக் கரைசலில் அலசினால் பிடித்த புரதம் கழன்றுவிடலாம், சில சமயம் துகளே உதிர்ந்து வரும். மறுபடி முதலிலிருந்து. மதிப்பெண்ணைவிட, இந்த அலுப்பைத் தாங்குவாளா என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி.

தாங்கினால் பயன் உண்டு. காயக்கட்டு, நோய் கண்டறியும் பட்டை, மருந்துத் தயாரிப்பில் புரதம் பிரிப்பது என்று இதற்குப் பல வாசல்கள். அண்ணா பல்கலைக்கழகத்தில் டெக்ஸ்டைல், பயோடெக்னாலஜி இரண்டு பிரிவுமே இருக்கின்றன. கோவையில் உள்ள ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ராவில் மருத்துவ ஜவுளிக்கென்றே ஒரு மையம் இயங்குகிறது; அனுமதி கேட்டு ஒருநாள் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

செலவைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். எம்.டெக். சேர்க்கைக்கான கேட் (GATE) தேர்வில் டெக்ஸ்டைலுக்குத் தனித் தாள் உண்டு. அதில் தேறி ஐ.ஐ.டி. டெல்லி போன்ற இடத்தில் எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை வரும். பிஎச்.டி.க்கு ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. கவலைப்பட வேண்டியது இந்த நான்கு வருட பி.டெக். கட்டணத்துக்கு மட்டும்தான், அதற்கு அரசு, அரசு உதவி பெறும் கல்லூரி இடங்களைக் கலந்தாய்வின் விருப்பப் பட்டியலில் முதலில் போடச் சொல்லுங்கள்.