15 வருட பிட்டருக்கு அடுத்த வேலை

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து பேக்டரியில் 15 வருடமாக பிட்டர் (மெஷின் பூட்டி, பழுது பார்க்கும்) வேலை செய்கிறேன். செக்ரோலில்தான் (நாட்கூலிப் பதிவில்தான்) பெயர். வயது 36. இப்போது கொழுந்தை வேறு பேக்டரிக்கு அனுப்புகிறார்கள். எங்களுடையதை மூடப்போவதாகப் பேச்சு. கொழும்பில் கம்பியூட்டர் கோர்ஸ் படி என்கிறார் மச்சான். கொழுந்தெடுக்கும் என் மனைவிக்கோ லயத்தை (தோட்டத்து வரிசை வீட்டை) விட்டுப் போகப் பயம். என் கையில் ஒரு சான்றிதழும் இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, கம்பியூட்டர் கோர்ஸுக்கு இப்போது காசு கட்ட வேண்டாம். நல்ல படிப்புத்தான். ஆனால் 15 வருட அனுபவத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, இருபது வயதுப் பிள்ளைகளோடு முதலாம் பாடத்தில் போய் உட்கார வேண்டிய நிலையில் நீங்கள் இல்லை.

உங்களுக்குத் தெரிந்ததை எண்ணிப் பாருங்கள். ஓடுகிற ரோலரின் பேரிங்கில் ஸ்குரூ டிரைவர் நுனியை வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டே அது இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்வீர்கள். கொழுந்து வாட்டும் மாடியில் ஃபேன் மோட்டர் ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்கு மாறாமல் நின்றால், கோளாறு டைமரிலா கொண்டக்டரிலா என்று பிரித்துப் பார்ப்பீர்கள். ஈர விறகு வந்த நாளிலும் ட்ரையரின் சூட்டை இறங்கவிட மாட்டீர்கள். நுவரெலியா ஹோட்டல்களின் பொயிலர், பம்ப், ஜெனரேட்டருக்கு வேண்டியதும் இதே கைதான். நம் ஆறுகளில் இருக்கிற சிறு நீர்மின் நிலையங்களையும் கேட்டுப் பாருங்கள். ஒரு காலத்தில் பல தோட்டங்கள் சொந்த டர்பைன் வைத்துத்தான் பேக்டரியை ஓட்டின. என் விருப்பம் அந்த நீர்மின் நிலைய வேலைதான். அதில் மனைவி லயத்தை விடாமலே நீங்கள் வேலைக்குப் போய்வர வழியிருக்கும்.

சோலாரிலும் வேலை உண்டு. ஆனால் பயிற்சி எடுக்காமல் கை வைக்காதீர்கள். நம் லைன் கரண்ட் நொடிக்கு 100 தடவை பூச்சியத்தைத் தொட்டுப் போவதால் தீப்பொறி தானாக அணைய இடமுண்டு. பேனலிலிருந்து வரும் டீசி அப்படி இறங்காது, பொறி நின்று எரியும். பழகிய கைக்கே இந்த இடத்தில் ஆபத்து அதிகம்.

அடுத்தது சான்றிதழ். வேலை செய்து கற்றதைச் சோதித்து என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ்) தரும் வழி இருக்கிறது. ஆர்.பி.எல். என்பார்கள். நைட்டாவிலோ (தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை) தொழிற்பயிற்சி அதிகாரசபையிலோ கேளுங்கள். திரும்ப வகுப்பில் உட்காரத் தேவையில்லை. அனுபவத்துக்கு ஆதாரம் காட்ட வேண்டும், மதிப்பீட்டாளர் முன்னால் வேலையைச் செய்து காட்டி, கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். 4ஆம் மட்டத்தைக் குறிவையுங்கள். 5, 6 டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம், அதெல்லாம் பிறகு. தமிழில் மதிப்பீடு வேண்டும் என்று விண்ணப்பிக்கும்போதே எழுதிக் கொடுங்கள். தெரிந்த வேலையை மொழியால் கோட்டைவிடக் கூடாது.

சேவைக் கடிதத்தை, பேக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் மாறிப்போகும் முன் வாங்கிவிடுங்கள். வெறும் "பிட்டர்" என்று இருந்தால் போதாது. எந்தெந்த மெஷின், எத்தனை குதிரைவலு மோட்டர், எந்த வருடத்திலிருந்து என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பிரித்துப் பூட்டிய வேலைகளைப் போனில் படம் எடுத்தும் வையுங்கள்.

ஒன்றில் மட்டும் மிகக் கவனம். மூடப்போகிறோம், நீங்களே விலகுவதாக எழுதிக் கொடுங்கள் என்று யாராவது கேட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இல்லாமல் உங்களை நிறுத்த வேலைநிறுத்தம் செய்யப்படும் தொழிலாளரைக் காக்கும் 1971ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தராது. நஷ்டஈடு கேட்கிற உரிமையும் அதில் இருக்கிறது. நீங்களாக விலகினால் அது கைநழுவும். சேவைக்காலப் பணம் (கிராஜுவிட்டி) வேறு: நாட்கூலிக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம், உங்களுக்கு 210 நாள். விலகினாலும் அது உங்களுடையதே. எந்தக் காகிதம் வந்தாலும் முதலில் தொழில் அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.